சாலன் ஈனியும் அதன் தாமிர, நிக்கல், கோபால்ட் அணைவுகளும்: ஒரு நிகழ்வு ஆய்வு

சிஃப் காரங்கள் (ஆல்டிஹைடும் அமீனும் சேர்ந்து உண்டாகும், கார்பன்–நைட்ரஜன் இரட்டைப் பிணைப்புள்ள இமீன்கள்) உலோகத்தோடு சேர்ந்த அணைவுகள் பற்றிய ஆய்வேடுகளில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: ஈனியின் (உலோகத்தைப் பிடிக்கும் மூலக்கூறின்) அகச்சிவப்பு நிறமாலையில் 1635 செ.மீ⁻¹-இல் தெரிந்த இமீன் பட்டை அணைவில் 1610 பக்கம் இறங்கியிருக்கிறது. எனவே அசோமெத்தின் (இமீன்) நைட்ரஜன் உலோகத்தோடு பிணைந்துள்ளது. வரியில் பிழை இல்லை. ஆனால் வடிதாளில் கிடப்பது நாம் நினைத்த அணைவாக இல்லாமல், பாதி நீராற்பகுப்படைந்த கலவையாக இருந்தாலும் இதே வரியை எழுதிவிடலாம். ஓர் அளவீடு எந்தத் தவறான பொருளை விலக்குகிறது என்று கேட்காதவரை அட்டவணை நீளுமே தவிர உறுதி கூடாது.

அதைக் காட்ட இங்கே எடுத்துக்கொண்டது சாலன்: இரண்டு மூலக்கூறு சாலிசிலால்டிஹைடும் ஒரு மூலக்கூறு எத்திலீன்டைஅமீனும் குறுக்கமடைந்து உண்டாகும் ஈனி. இரண்டு ஃபீனால் புரோட்டான்களை இழந்து, இரண்டு நைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன் வழியாக உலோகத்தை ஒரே தளத்தில் பிடிக்கும் நாற்கொடுக்கு ஈனி இது. எம்.எஸ்சி. ஆய்வகத்தில் உள்ள பொருள்களே போதும். ஒப்பிட நம்பகமான எண்களும் ஏராளம். இமீன்களை ஹ்யூகோ சிஃப் விவரித்தது 1864-இல். ஆனால் சாலிசிலால்டிஹைடும் அம்மோனியாவும் தாமிரமும் சேர்ந்த பச்சைப் படிகத்தை எட்லிங் 1840-லேயே பிரித்துவிட்டார். பெயர் சிஃப்புக்குப் போனது. சாலன் அணைவுகளை 1933-இல் பால் ஃபைஃபர் முறையாகச் செய்தார். கோபால்ட் அணைவு காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துத் திரும்பக் கொடுக்கும் என்று சுமாகி 1938-இல் காட்டினார். 1990-இல் யாக்கப்சனும் கட்சுகியும் தனித்தனியே கைரல் மாங்கனீசு சாலன் வினையூக்கிகளை வெளியிட்ட பிறகு இந்த ஈனி எல்லாக் கரிம வேதியியல் ஆய்வகங்களுக்குள்ளும் நுழைந்துவிட்டது.

ஈனி தயாரிப்பு

10 மில்லிமோல் அளவு கையாள வசதியானது. 100 மி.லி. உருண்டைக் குடுவையில் 2.44 கிராம் (2.13 மி.லி.) சாலிசிலால்டிஹைடை 25 மி.லி. எத்தனாலில் கரைத்து, காந்தக் கலக்கியில் 50–60 °செ. வரை சூடாக்க வேண்டும். 0.60 கிராம் (0.67 மி.லி.) எத்திலீன்டைஅமீனை 5 மி.லி. எத்தனாலில் கலந்து சொட்டுச் சொட்டாக விட வேண்டும். முதல் சொட்டுகளிலேயே கரைசல் மஞ்சளாகும், குடுவை சூடேறும். ஓரிரு நிமிடத்தில் பளபளக்கும் மஞ்சள் தகடுகள் விழத் தொடங்கும். 30 நிமிடம் ரீஃப்ளக்ஸ் (ஆவியைக் குளிர்வித்துக் குடுவைக்கே திருப்பியபடி கொதிக்கவைத்தல்), பிறகு பனிக்கட்டி நீரில் குளிர்விப்பு, புக்னர் புனலில் வடிப்பு, குளிர்ந்த எத்தனால் 5 மி.லி. வீதம் இருமுறை கழுவல். சூடான எத்தனாலில் ஒருமுறை மறுபடிகமாக்கினால் போதும். கோட்பாட்டு விளைச்சல் 2.68 கிராம். 90 விழுக்காட்டை ஒட்டிக் கிடைக்க வேண்டும். உருகுநிலை 125–128 °செ.

பல செய்முறைகளில் "இரண்டு மூன்று சொட்டு அசிட்டிக் அமிலம்" என்று எழுதியிருப்பார்கள். அனிலின் போன்ற சோம்பலான அமீன்களுக்கு அது சரி. சாலிசிலால்டிஹைடில் பக்கத்திலேயே ஃபீனால் ஹைட்ராக்சில் இருப்பதால், அதன் ஹைட்ரஜன் பிணைப்பே வினையைத் தள்ளிவிடுகிறது, உண்டான இமீனையும் காக்கிறது. அமிலம் தேவையில்லை. கூடினால் அமீனே புரோட்டானேற்றமடைந்து வினைக்கு வராமல் நிற்கும், தண்ணீர் இருந்தால் இமீன் திரும்பப் பிளக்கும்.

தவறு பெரும்பாலும் பாட்டிலில்தான் தொடங்கும். பழைய சாலிசிலால்டிஹைடு பழுப்பேறி, உள்ளே சாலிசிலிக் அமிலம் சேர்ந்திருக்கும். அந்த அமிலம் அமீனோடு உப்பாகிவிடுவதால் விகிதம் கெடும். குறைந்த அழுத்தத்தில் வாலைவடித்து எடுத்ததையே பயன்படுத்த வேண்டும். எத்திலீன்டைஅமீன் காற்றிலுள்ள ஈரத்தையும் கரியமில வாயுவையும் இழுக்கும். பாட்டில் வாயில் வெள்ளைப் பொருக்கு தெரிந்தால் அது கார்பமேட். அப்படிப்பட்டதைப் பிப்பெட்டில் அளந்தால் அளவு குறைவாகவே போகும். குறைந்தால் பெரிய கேடில்லை, மிஞ்சிய ஆல்டிஹைடு எத்தனாலில் போய்விடும். கூடினால்தான் ஆபத்து. ஈனியைப் பிரிக்காமல் அதே குடுவையில் தாமிர உப்பைச் சேர்க்கிறவர்களுக்கு, மிகுந்த அமீன் தாமிரத்தைத் தனியே கவ்வி ஊதா நிறக் கரைசலாக நிற்கும், விளைச்சல் விழும். எத்திலீன்டைஅமீன் ஆவி மூச்சுக்குழலை உறுத்தும், சிலருக்கு ஒவ்வாமையைப் பழக்கிவிடும். எனவே இந்த வேலை முழுதும் புகைப்போக்கி அறைக்குள்தான்.

தூய்மை பார்க்க டிஎல்சி (மென்படல நிறப்பிரிகை) போடுகிறவர்கள் சிலிக்கா தகட்டில் ஒரு நீண்ட வாலைப் பார்த்துவிட்டுப் பொருள் அசுத்தம் என்று முடிவுகட்டுவது உண்டு. வாலுக்குக் காரணம் தகடு: சிலிக்காவின் அமிலத்தன்மை இமீனைப் பிளக்கிறது. ஓடுகரைப்பானில் 1 விழுக்காடு டிரைஎத்திலமீன் சேர்க்கலாம், அல்லது அலுமினாத் தகடு எடுக்கலாம். அதே கதைதான் என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) எடுக்கும் கரைப்பானான டியூட்டரோகுளோரோஃபார்மிலும். பழைய பாட்டிலில் அமிலம் சேர்ந்திருக்கும். நல்ல ஈனியைக் கரைத்து வைத்துச் சில மணி நேரம் கழித்து என்எம்ஆர் எடுத்தால் 9.90 பி.பி.எம்.-இல் ஆல்டிஹைடு முளைக்கும். கரைப்பானைப் பொட்டாசியம் கார்பனேட் மேல் வைத்தோ, கார அலுமினா வழியாக விட்டோ பயன்படுத்த வேண்டும்.

சுத்தமான ஈனியின் புரோட்டான் என்எம்ஆர் டியூட்டரோகுளோரோஃபார்மில்: 13.2-இல் அகன்ற ஃபீனால் புரோட்டான் (2), 8.36-இல் இமீன் (2), 6.8–7.3-க்குள் எட்டு அரோமாட்டிக் புரோட்டான்கள், 3.94-இல் எத்திலீன் பாலம் (4). 9.90-க்கும் 8.36-க்கும் உள்ள பரப்பு விகிதமே மிஞ்சிய ஆல்டிஹைடின் அளவு. உருகுநிலையைவிட இது நுட்பமானது. தனிமப் பகுப்பு: கார்பன் 71.62, ஹைட்ரஜன் 6.01, நைட்ரஜன் 10.44 விழுக்காடு.

தாமிர, நிக்கல் அணைவுகள்

இரண்டுக்கும் ஒரே வழி. 2 மில்லிமோல் ஈனியை (0.537 கிராம்) 40 மி.லி. எத்தனாலில் 65–70 °செ.-இல் முழுதாகக் கரைக்க வேண்டும். தாமிர அசிட்டேட் ஒற்றைநீரேற்று 0.40 கிராம், அல்லது நிக்கல் அசிட்டேட் நான்குநீரேற்று 0.50 கிராம், 10–12 மி.லி. வெந்நீரில் கரைத்துச் சூடாகவே சேர்க்க வேண்டும். தாமிரத்தில் உடனே கரும்பச்சை வீழ்படிவு வரும். நிக்கலில் நிறம் ஆரஞ்சுக்கும் செங்கல் சிவப்புக்கும் இடையில். ஒரு மணி நேரம் ரீஃப்ளக்ஸ். கோட்பாட்டு விளைச்சல் தாமிரத்துக்கு 0.660 கிராம், நிக்கலுக்கு 0.650 கிராம்.

அடுத்து வருவதில்தான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். கலவையைப் பனிக்கட்டியில் வைத்து "முழு விளைச்சல்" எடுக்கப் பார்ப்பார்கள். வினைப்படாத ஈனி குளிர்ந்த எத்தனாலில் கரையாது. அதுவும் அணைவோடு சேர்ந்து விழும். குளிர்ந்த எத்தனாலில் எத்தனை முறை கழுவினாலும் போகாது. எனவே 55–60 °செ.-இல் சூடாக இருக்கும்போதே வடித்து, முதலில் வெந்நீரால் (மிஞ்சிய அசிட்டேட் உப்புக்கு), பிறகு கொதிக்கும் எத்தனாலால் (ஈனிக்கு) கழுவ வேண்டும். அணைவு இரண்டிலும் குறைவாகவே கரையும். போகும் சில மில்லிகிராமுக்குக் கவலைப்பட வேண்டாம். உலோக உப்பை 2–3 விழுக்காடு கூடுதலாக எடுப்பதும் நல்லது, தண்ணீரில் எளிதாகப் போகும் அசுத்தம் குளிர்ந்த எத்தனாலில் போகாத அசுத்தத்தைவிட மேல்.

அசிட்டேட்டுக்குப் பதிலாகக் குளோரைடு எடுத்தால் என்ன ஆகும்? ஒவ்வோர் உலோக அயனியும் இரண்டு புரோட்டான்களை வெளியே தள்ளுகிறது. அசிட்டேட் இருந்தால் அவை அசிட்டிக் அமிலமாகி அடங்கும். குளோரைடில் ஹைட்ரோகுளோரிக் அமிலமாக நிற்கும். மேற்கண்ட அளவில் 50 மி.லி.-க்கு 4 மில்லிமோல், அதாவது 0.08 மோலார் வலிய அமிலம். சூடான, நீர் கலந்த எத்தனாலில் இது இமீனைப் பிளக்கப் போதும். பிளந்த சாலிசிலால்டிஹைடைத் தாமிரம் விடாது. பிஸ்(சாலிசிலால்டிஹைடேட்டோ)தாமிரம் என்ற வேறோர் அணைவாகப் பிடித்துக்கொள்ளும், அதுவும் பச்சைதான். குளோரைடு மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் 4 மில்லிமோல் டிரைஎத்திலமீனை (0.56 மி.லி.) ஈனிக் கரைசலில் முதலிலேயே சேர்க்க வேண்டும். சோடியம் ஹைட்ராக்சைடு வேண்டாம். கொஞ்சம் கூடினாலும் உலோக ஹைட்ராக்சைடு கலந்து வரும், கண்ணுக்கும் தெரியாது.

வெற்றிட டெசிகேட்டரில் சிலிக்கா ஜெல்லின் மேல் உலர்த்திய பிறகு, பகுப்புக்கு அனுப்பும் மாதிரியை 100–110 °செ.-இல் நிறை மாறாமல் நிலைக்கும்வரை வைப்பது அவசியம். காரணம் அடுத்த பகுதியில்.

தனிமப் பகுப்பை வாசிக்கும் முறை

தாமிர அணைவு என்று ஒரு கரும்பச்சைப் பொடி கையில் இருக்கிறது. அது தூய அணைவாக இருக்கலாம், நீர் பிடித்ததாக இருக்கலாம், ஈனி கலந்ததாக இருக்கலாம், மேலே சொன்ன ஆல்டிஹைடு அணைவு கலந்ததாகவும் இருக்கலாம். நான்குக்கும் கணக்கிட்ட விழுக்காடுகள் இவை:

| பொருள் | கார்பன் | ஹைட்ரஜன் | நைட்ரஜன் | தாமிரம் |
|---|---|---|---|---|
| தூய தாமிர சாலன் | 58.26 | 4.28 | 8.49 | 19.27 |
| அரை மூலக்கூறு நீருடன் | 56.71 | 4.46 | 8.27 | 18.75 |
| எடையில் 10% ஈனி கலந்தது | 59.60 | 4.45 | 8.69 | 17.34 |
| எடையில் 10% ஆல்டிஹைடு அணைவு கலந்தது | 57.93 | 4.18 | 7.64 | 19.42 |

பகுப்பில் வழக்கமாக ஒப்புக்கொள்ளும் வேறுபாடு ±0.4. இப்போது கடைசி வரியைப் பாருங்கள். கார்பன் வேறுபாடு 0.33, ஹைட்ரஜன் 0.10, தாமிரம் 0.15: மூன்றும் தேறிவிடுகின்றன. பத்தில் ஒரு பங்கு வேறு பொருள் கலந்திருந்தும், கார்பனையும் உலோகத்தையும் மட்டும் அறிக்கையில் போட்டவர் "சரியாகப் பொருந்துகிறது" என்று எழுதிவிடுவார். நைட்ரஜன் ஒன்றுதான் காட்டிக்கொடுக்கிறது. மூன்றாவது வரியில் நிலைமை தலைகீழ். நைட்ரஜன் 0.20 மட்டுமே நகர்கிறது, உலோகமோ கிட்டத்தட்ட 2 விழுக்காடு விழுகிறது.

எனவே தனித்தனி விழுக்காட்டைவிட இரண்டு விகிதங்களைப் பார்ப்பது பயன் தரும். கார்பன்/நைட்ரஜன் எடை விகிதம் தூய அணைவில் 6.86. நீர் சேர்ந்தாலும் 6.86, ஈனி சேர்ந்தாலும் 6.86, ஏனென்றால் ஈனியிலும் பதினாறு கார்பனுக்கு இரண்டு நைட்ரஜன்தான். ஆல்டிஹைடு அணைவோ அசிட்டேட்டோ கலந்தால் மட்டுமே அது உயரும். நான்காவது வரியில் 7.58. ஆக இந்த எண் இமீன் முழுதாக இருக்கிறதா என்ற ஒரே கேள்விக்கு விடை. தாமிரம்/நைட்ரஜன் விகிதம் 2.27. நீரால் இதுவும் மாறாது. ஈனி கலந்தால் 2.00-க்கு இறங்கும், ஆல்டிஹைடு அணைவு கலந்தால் 2.54-க்கு ஏறும். இரண்டு விகிதமும் சரியாக இருந்து எல்லா விழுக்காடும் ஒரே வீதத்தில் குறைந்திருந்தால், அப்போதுதான் நீர் என்று சொல்ல உரிமை வருகிறது.

இந்த உரிமை இல்லாமல் நீர் சேர்ப்பது இத்துறையின் பழைய நோய். கார்பன் குறைந்தால் அரை மூலக்கூறு, இன்னும் குறைந்தால் ஒன்று, அதுவும் போதாவிட்டால் ஒன்றரை. நீர் உண்டு என்றால் டிஜிஏ-யில் (சூடாக்கியபடியே எடையை அளக்கும் முறையில்) அது எடையாக வெளியேற வேண்டும்: அரை மூலக்கூறுக்கு 2.66 விழுக்காடு, முழு மூலக்கூறுக்கு 5.18. வெளியேறும் வெப்பநிலை 100-க்குள்ளா, 150-க்கு மேலா என்பதிலிருந்து அது படிகத்தில் தங்கியதா, உலோகத்தில் பிணைந்ததா என்று ஓரளவு சொல்லலாம். தூய நிக்கல், தாமிர சாலன்கள் ஏறத்தாழ 300 °செ. வரை எடை இழப்பதில்லை. காற்றில் முழுதாக எரித்தபின் எஞ்சுவது ஆக்சைடு: தாமிரத்துக்கு 24.1, நிக்கலுக்கு 23.0 விழுக்காடு. எச்சம் இதைவிடக் கூடினால் எரிப்பு முடியவில்லை. நைட்ரஜன் வாயுவில் ஓட்டிய டிஜிஏ-யில் கரி மிஞ்சும். அந்த எச்சத்தை ஆக்சைடாகக் கணக்கிடவே கூடாது.

உலோக அளவை ஆய்வகத்திலேயே காணலாம். தாமிரத்துக்கு அயோடின் தரம்பார்த்தல்: 0.150 கிராம் அணைவுக்கு 0.02 மோலார் தயோசல்பேட் 22.7 மி.லி. செலவாக வேண்டும். நிக்கலுக்கு டைமெத்தில்கிளையாக்சைம்: 0.100 கிராம் அணைவிலிருந்து 88.9 மில்லிகிராம் சிவப்பு வீழ்படிவு. இரண்டுக்கும் முன் கரிமப் பகுதியை அழிக்க வேண்டும். அடர் கந்தக அமிலத்தில் சூடாக்கிக் கருக்கி, பிறகு அடர் நைட்ரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கரைசல் தெளியும்வரை தொடர்ந்து, வெண்புகை வரும்வரை வற்றவைக்க வேண்டும். பெர்குளோரிக் அமிலம் இங்கே வேண்டவே வேண்டாம், கரிமப் பொருளோடு அது வெடிக்கும். வெண்புகைக் கட்டத்துக்கு முன்பே நிறுத்தினால் நைட்ரஜன் ஆக்சைடுகள் மிஞ்சி, அயோடைடிலிருந்து தாங்களே அயோடினை விடுவிக்கும். தாமிரம் 20, 21 விழுக்காடு என்று வரும்போது முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

அகச்சிவப்பு: எவ்வளவு சொல்லும், எங்கே நிற்கும்

ஈனியில் இமீன் பட்டை 1635-ஐ ஒட்டி வலிமையாகத் தெரியும். ஃபீனால் கார்பன்–ஆக்சிஜன் பட்டை 1284 பக்கம். ஹைட்ராக்சில் பட்டையைத் தேடி 3400-ஐப் பார்க்கிறவர்கள் ஏமாறுவார்கள். உள்மூலக்கூறு ஹைட்ரஜன் பிணைப்பால் அது 2500–3000-க்குள் தட்டையாகப் பரவிக் கிடக்கும். அணைவில் அந்தப் பரவல் மறைந்து, ஃபீனால் பட்டை 1300-க்கு மேல் ஏறி, இமீன் இறங்கியிருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால் ஈனி பிணைந்தது என்று சொல்லலாம்.

இமீன் இறக்கத்தை மட்டும் நம்பக்கூடாது என்பதற்குக் காரணங்கள் உண்டு. தாமிரத்தில் இறக்கம் மிகச் சிறியது. பக்கத்திலேயே 1600-ஐ ஒட்டி அரோமாட்டிக் வளையப் பட்டைகள் இருப்பதால் எது எது என்று பிரிப்பதே சில சமயம் கடினம். உலோகத்தோடு பிணைந்த சாலிசிலால்டிஹைடின் கார்போனைலும் 1665-இலிருந்து இதே 1600–1650 வட்டாரத்துக்கு இறங்கிவிடும். நம் சந்தேகப் பொருள் இமீனைப் போலவே வேடமிடுகிறது. இன்னொரு காரணம் ஈரம். பொட்டாசியம் புரோமைடு வில்லை நீரை இழுத்தால் 3400-இல் ஓர் அகன்ற பட்டையும், 1630–1640-இல் நீரின் வளைவு அதிர்வும் வரும். இரண்டாவது சரியாக இமீனின் மேலேயே உட்காரும். கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகையில் எடுத்த நிறமாலைகளில் "ஒருங்கிணைந்த நீர் 3400" என்று எழுதப்படுவதில் ஒரு பகுதி வில்லையின் நீர்தான். ஏடிஆர் (வில்லை இல்லாமல் பொடியையே நேராக அளக்கும் அகச்சிவப்பு முறை) இருந்தால் அதுவே மேல். ஈனியையும் அணைவையும் ஒரே முறையில் எடுத்தே ஒப்பிட வேண்டும். வில்லைக்கும் ஏடிஆருக்கும் இடையே சில அலகு நகர்வு இயல்பானது.

உலோகம்–நைட்ரஜன், உலோகம்–ஆக்சிஜன் பட்டைகளை 400–600-க்குள் குறிப்பது மரபு. ஈனியின் வளைய அதிர்வுகளும் அங்கேயே இருப்பதால், ஐசோடோப்பு மாற்றாமல் செய்யும் அந்தக் குறிப்புகளுக்கு நாங்கள் பெரிய மதிப்புத் தருவதில்லை.

நிக்கலுக்கு என்எம்ஆர், தாமிரத்துக்குக் காந்தம்

தளச் சதுர நிக்கலில் இணையற்ற எலக்ட்ரான் இல்லை. எனவே நிக்கல் சாலனின் புரோட்டான் என்எம்ஆர் கூர்மையாகவே வரும். இதைவிட நல்ல சான்று வேறில்லை, ஆனாலும் பலர் "உலோக அணைவு" என்பதற்காகவே எடுக்காமல் விடுகிறார்கள். 5–10 மில்லிகிராமை டிஎம்எஸ்ஓ-டி6-இல் (டியூட்டீரியம் ஏற்றிய டைமெத்தில் சல்ஃபாக்சைடில்) லேசாகச் சூடாக்கிக் கரைக்க வேண்டும். 7.89-இல் இமீன், 6.5–7.3-க்குள் அரோமாட்டிக், 3.42-இல் எத்திலீன் பாலம். டிஎம்எஸ்ஓ-வில் உள்ள நீர் 3.33-இல் வருவதால் பாலத்தின் பரப்பைக் கணக்கிடும்போது கவனம் தேவை.

ஒப்பிட ஈனியையும் டிஎம்எஸ்ஓ-விலேயே எடுக்க வேண்டும். அதில் ஈனியின் இமீன் 8.59, ஃபீனால் 13.4, பாலம் 3.92. குளோரோஃபார்மில் எடுத்த 8.36-உடன் ஒப்பிட்டு நகர்வைச் சொன்னால் அதில் கரைப்பானின் பங்கும் கலந்துவிடும். சரியாக எடுத்த நிறமாலையில் 13.4 முற்றிலும் மறைந்திருக்க வேண்டும். 8.59-இல் சிறு முளை தெரிந்தால் அது வினைப்படாத ஈனி, 7.89-உடன் பரப்பை ஒப்பிட்டால் அளவே கிடைத்துவிடும். எல்லாக் கோடுகளும் அகன்று தடித்திருந்தால் நிக்கல் அசிட்டேட் கழுவப்படாமல் நிற்கிறது, வெந்நீரில் மறுபடி கழுவிவிட்டு எடுங்கள்.

தாமிரத்தில் இந்த வழி அடைபட்டிருக்கிறது. ஓர் இணையற்ற எலக்ட்ரான் என்எம்ஆரை மழுக்கிவிடும். காந்த அளவீட்டுக்குப் போக வேண்டும். அங்கே ஒரு கணக்குப் பிழை பலமுறை "கண்டுபிடிப்பாக" மாறியிருக்கிறது. 298 கெல்வினில் உண்மை மதிப்பு 1.80 போர் மேக்னட்டான் என்று வைத்துக்கொள்வோம். அதற்கான மோலார் ஏற்புத்திறன் 1.36 × 10⁻³ செ.மீ³/மோல். கருவி நேரடியாகத் தருவது இதிலிருந்து டையாகாந்தப் பங்கு கழிந்த எண். சாலன் ஈனிக்கு அந்தப் பங்கு −182 × 10⁻⁶, தாமிர அயனிக்கு −11 × 10⁻⁶. இந்த 193-ஐத் திரும்பக் கூட்டாமல் கணக்கிட்டால் விடை 1.67. ஓர் எலக்ட்ரானுக்குரிய 1.73-ஐவிடக் குறைவு. உடனே "தாமிர அயனிகளுக்கிடையே எதிர்ஃபெர்ரோகாந்தப் பிணைப்பு" என்று ஒரு பத்தி எழுதப்படும். இங்கே இந்தத் திருத்தம் ஏற்புத்திறனில் பத்து விழுக்காட்டைத் தாண்டுகிறது. விட்டுவிட முடியாது.

வடிவம் பற்றியும் ஒரு சொல். தாமிர சாலன் திண்ம நிலையில் தனி மூலக்கூறாக இல்லை. ஒரு மூலக்கூறின் ஃபீனால் ஆக்சிஜன் அடுத்ததன் தாமிரத்தைச் சுமார் 2.4 ஆங்ஸ்ட்ராம் தொலைவிலிருந்து தொட்டு, இரட்டை அலகாக நிற்கிறது. எனவே பொடிக்கு "தளச் சதுரம்" என்பது பாதி உண்மை. கரைசலில் 570 நா.மீ. வட்டாரத்தில் வரும் ஒற்றை அகன்ற டி–டி பட்டை தளச் சதுரத்தோடு ஒத்துப்போகும். உறைந்த கரைசலின் ஈபிஆரில் (இணையற்ற எலக்ட்ரானைக் காட்டும் காந்த ஒத்ததிர்வு நிறமாலையில்) இணை ஜி மதிப்பு 2.2-ஐயும் செங்குத்து ஜி மதிப்பு 2.05-ஐயும் ஒட்டி, தாமிர அணுக்கருவின் நான்கு கோடுகளோடு வருவது இன்னும் வலுவான சான்று. நீர் ஒன்று ஒட்டியிருக்கிறது என்பதற்காக எண்முகி என்று எழுதுவதற்கு இதில் எதுவும் துணை நிற்காது.

புறஊதாவில் ஒரே எச்சரிக்கை. ஈனி எத்தனாலில் 255, 316 நா.மீ.-இல் பட்டைகளைத் தரும். 400 பக்கம் தெரியும் மெல்லிய தோள் கீட்டோ–அமீன் வடிவத்துக்குரியது, எத்தனால், மெத்தனாலில் மட்டுமே எழும். டிஎம்எஃப்-உம் (டைமெத்தில்ஃபார்மமைடு) டிஎம்எஸ்ஓ-வும் 268 நா.மீ.-க்குக் கீழே தாங்களே ஒளியை விழுங்கிவிடும். அந்தக் கரைப்பான்களில் அளந்ததாகச் சொல்லி 255 பட்டையைப் போட்டிருக்கும் அட்டவணையை மறுபடி அளக்கச் சொல்ல வேண்டும். டி–டி பட்டைக்கு 10⁻³ மோலார், புறஊதாவுக்கு 10⁻⁵ மோலார் அளவில் இரண்டு கரைசல்கள் தனித்தனியே வேண்டும். மின்கடத்துத்திறன் டிஎம்எஃப்-இல் 10⁻³ மோலாரில் மிகக் குறைவாக இருக்க வேண்டும். 65–90 ஓம்⁻¹ செ.மீ² மோல்⁻¹ வந்தால் வெளியே ஓர் எதிரயனி நிற்கிறது. ஈஎஸ்ஐ (மின்தெளிப்பு அயனியாக்க) நிறைநிறமாலையில் தாமிரம் 330, 332-இல் ஏறத்தாழ ஏழுக்கு மூன்று என்ற ஐசோடோப்பு வடிவத்தைக் காட்ட வேண்டும். நிக்கல் 325, 327-இல். அந்த வடிவம் இல்லாத உச்சியில் உலோகம் இல்லை.

கோபால்ட்

கோபால்ட் சாலனைத் திறந்த பீக்கரில் செய்யக்கூடாது. 2 மில்லிமோல் ஈனியை 25 மி.லி. எத்தனாலில் நைட்ரஜன் ஓட்டத்தின் கீழ் 70–80 °செ.-இல் கரைத்து, 0.50 கிராம் கோபால்ட் அசிட்டேட் நான்குநீரேற்றை, கொதிக்கவைத்து நைட்ரஜன் விட்டு ஆக்சிஜன் நீக்கிய 4 மி.லி. வெந்நீரில் கரைத்துச் சேர்க்க வேண்டும். முதலில் பழுப்பு வீழ்படிவு வரும். ஒரு மணி நேரத்தில் அது மெல்லச் செங்கல் சிவப்பாக மாறும். பழுப்பு வடிவம் திண்ம நிலையிலேயே ஆக்சிஜனைப் பிடிக்கும், சிவப்பு வடிவம் பிடிக்காது. சிவப்பாக மாறும் முன் வடித்தால் கலவை கிடைக்கும். கருமையாக மாறினால் எங்கோ காற்று கசிகிறது, மூவிணைதிறன் கோபால்ட் உருவாகிவிட்டது, அதைத் திருப்ப முடியாது. குளிர்ந்தபின் நைட்ரஜனிலேயே வடித்து, நீராலும் எத்தனாலாலும் கழுவி, வெற்றிடத்தில் உலர்த்த வேண்டும்.

இந்த அணைவுக்கு மற்றவற்றுக்கு இல்லாத ஒரு சோதனை உண்டு, வினையே அளவீடாகிறது. சிவப்புப் பொடியை டிஎம்எஸ்ஓ-வில் இட்டால் கரைப்பான் ஐந்தாம் இடத்தில் பிணைந்து, இரண்டு கோபால்ட்டுக்கு ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு வீதம் பாலமாகப் பிடிக்கும். 0.100 கிராம் அணைவு 25 °செ.-இல், ஒரு வளிமண்டல அழுத்தத்தில், 3.76 மி.லி. ஆக்சிஜனை எடுக்க வேண்டும். வாயு பியூரெட்டில் அளக்கும்போது குடுவையை முன்னரே ஆக்சிஜனால் நிரப்பி, வெப்பநிலை நிலைத்த பிறகு டிஎம்எஸ்ஓ-வைக் கொட்ட வேண்டும். கரைப்பானும் அதே வாயுவால் நிறைவுற்றிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கரைப்பான் விழுங்கியதும் கணக்கில் சேரும். 3 மி.லி.-க்குக் கீழே வந்தால் அணைவின் ஒரு பகுதி முன்பே ஆக்சிஜனேற்றமடைந்துவிட்டது. 4 மி.லி.-ஐத் தாண்டினால் இணைப்புக் குழாயில் கசிவைத் தேடுங்கள்.

ஆக்சிஜன் பிடித்த கரும்பழுப்புத் திண்மத்தை மையவிலக்கியில் அடியில் இறக்கி, மேல்நீரை ஊற்றிவிட்டு, குளோரோஃபார்மை ஓரமாக மெல்ல விட்டால், டிஎம்எஸ்ஓ கழன்று ஆக்சிஜன் குமிழியாக வெளியேறும், கரைசல் கருஞ்சிவப்பாகும். குழாயை அசைக்காமல் பார்க்க வேண்டும். குமிழி வராவிட்டால், கையில் இருப்பது மீளாத ஆக்சிஜனேற்றமடைந்த பொருள். வடிதிரவங்களை நிக்கல், கோபால்ட், தாமிரம் எனத் தனித்தனிக் கொள்கலன்களில் சேர்க்க வேண்டும். குளோரோஃபார்ம் கலந்ததை எத்தனால் கழிவோடு சேர்க்காமல் ஹாலஜன் கரைப்பான் கழிவில் போட வேண்டும்.